நுழைந்த விதம்

வக்கீல் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார்.
நூலகத்தின் கீழ்த்தளம், அறை பதினான்கு.
பெயர்ப்பலகை கிடையாது. கதவில் ஒரு மீன் படம்,
முன்பு இங்கே மீன்வளத் துறை இருந்ததாம்.
அதனால் எங்களுக்குள் இது ‘மீன் அறை’.
‘மீனுக்குப் போகிறேன்’ என்று யாராவது சொன்னால்
அவன் காகிதத்துக்குப் போகிறான் என்று அர்த்தம்.

முன்மேசையில் நான்.
மணிக்குப் பதினேழு டாலர், வாரம் பத்து மணி நேரம்.
டோக்கன் கொடுப்பேன்.
பிரிண்டரின் வயிற்றிலிருந்து கசங்கிய தாளை உருவுவேன்.
யார் வந்தாலும் பெயரைச் சத்தமாகச் சொல்லமாட்டேன்.

இன்று ஏழாம் நம்பர், என் அக்கா.

நெரெய்தா. வேதியியல், கடைசி ஆண்டு.
காலையில் ஒரே கண்ணாடியில் இடித்துக்கொண்டு பல் துலக்கினோம்.
இங்கே, யாரோ போல டோக்கனை வாங்கிக்கொண்டு
ஜன்னலில்லாத சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.
நானும் யாரோ போலவே கொடுத்தேன்.
தெரிந்த முகத்தைத் தெரிந்ததாகக் காட்டக் கூடாது:
விதி.
எழுதியவன் நான்தான். போன செமஸ்டரில், பெருமையாக.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பார்கள்.
ஒரே வயிறுதான்.
அவளைச் சுமந்தபோது அது கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.
என்னைச் சுமந்தபோது இந்தப் பக்கம்,
யாக்கிமாவில், ஆப்பிள் கிடங்கில், இரவு ஷிப்டில்,
பெல்ட்டில் உருண்டு வருவதில் அடிபட்டதைப் பொறுக்கிக்கொண்டு.
அவ்வளவுதான் எங்களுக்குள் வித்தியாசம்.
அதோடு, அவளுக்குக் கணக்கு வரும். எனக்கு வராது.

கோடைப் பயிற்சிக்கு ஆய்வகம் அவளைத்தான் தேர்ந்தெடுத்தது.
ஒன்பது இலக்க எண் ஒன்று கேட்டார்கள்.
என்னிடம் அந்த எண் இருக்கிறது.
பீட்சா கடையில் சேர்ந்தபோது ஒரே ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

உள்ளே, கதவு பாதி திறந்தபடி,
வக்கீல் டாலெஃப்சன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்கிறார்:
நுழைந்த தேதி?
சொல்கிறாள்.
நுழைந்த விதம்?
சத்தம் போட வேண்டிய பிரிண்டர்
அந்த நேரம் பார்த்து வாயை மூடிக்கொள்கிறது.

‘தூங்கிக்கொண்டே.
இரண்டு வயது எனக்கு. தோளில் கிடந்தேன்.
விழித்தபோது இங்கே இருந்தேன்.
அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை.’

படிவத்தில் விமானத்துக்குக் கட்டம் உண்டு.
கப்பலுக்கு உண்டு. தரைவழிக்கு உண்டு.
வக்கீலின் பேனா மூன்றின் மேலும் வட்டமிட்டு
ஓரத்து வெள்ளையில் இறங்கிச் சின்னதாக ஏதோ எழுதுகிறது.

அப்போதுதான் படிக்கட்டில் பூட்ஸ்.

கருநீலச் சட்டை. இடுப்பில் வாக்கிடாக்கி.
எட்டாம் நம்பர் பையை மடிக்கு இழுத்துக்கொண்டான்.
பதினோராம் நம்பர் மூச்சை நிறுத்தியது எனக்கே கேட்டது.
நான் எழுந்தேன்.
டிராயரில் முந்நூறு அட்டைகள் இருக்கின்றன,
யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்,
அதிலுள்ள வரியை என் வாயால் சொன்னதே இல்லை.
‘இது பொது இடமல்ல.
நீதிபதி கையெழுத்திட்ட ஆணை இருந்தால்
கதவுக்கு அடியில் தள்ளுங்கள்.’

கதவு அகலத் திறந்துகிடந்தது.
அதற்கு அடியில் தள்ளச் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஆள் என்னைப் பார்த்தார்,
பிறகு எனக்குப் பின்னால் சுவரில் தொங்கிய
சிவப்புத் தீயணைப்பானைப் பார்த்தார்.
‘காலாவதித் தேதி குறிக்க வந்தேன், தம்பி.’
குறித்தார்.
போகும்போது கதவை மெதுவாக, முழுசாகச் சாத்திவிட்டுப் போனார்.

யாரும் உடனே சிரிக்கவில்லை.

பிறகு அவள் வெளியே வந்து தாளை நீட்டினாள்: மூன்று பிரதி.
நகலெடுக்கிறவன் படிக்கக் கூடாது. அதுவும் நான் எழுதியதே.
உடன்பிறந்தோர் என்ற வரியில் என் முழுப்பெயர்,
நான்கூடப் பயன்படுத்தாத நடுப்பெயரோடு, எலிசெயோ அமாதோ,
பக்கத்தில், அவளுடைய சாய்ந்த கையெழுத்தில்:
இங்கே பிறந்தவன்.

நாலரை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்.
ஹாப்ஸ் கொடிக் கம்பங்கள் ஜன்னலில் எண்ணி எண்ணிப் போயின.
‘குரல் நடுங்கியது உனக்கு’ என்றாள்.
‘அது பிரிண்டர்’ என்றேன்.